வாசகர் கேள்வி – பதில்: சீட்டு கலைக்கும் மெஷின்

கேள்வி: கோவா கேசினோவில பிளாக்ஜாக் மேசை மேல சீட்டு கலைக்கற மெஷின் வெச்சிருந்தாங்க. மெஷின் இருந்தா சீட்டு எண்றதெல்லாம் வீண்னு கூட வந்தவரு சொல்றாருங்க. நெசமுங்களா?
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: எந்த மெஷின் என்பதைப் பொறுத்தது. பிளாக்ஜாக் என்பது 21-ஐத் தாண்டாமல் டீலரை (சீட்டுப் போடுபவரை) மிஞ்சப் பார்க்கும் ஆட்டம். பெரிய சீட்டுகள் மீதி அதிகமா என்று அறிய எண்ணுகிறவர் வைக்கும் கணக்கு இதுதான். 2 முதல் 6 வரை எது வந்தாலும் +1. 7, 8, 9-க்குக் கணக்கில்லை. 10, ஜாக், ராணி, ராஜா, ஏஸ் வந்தால் –1. கூட்டி வந்த எண்ணை, இன்னும் ஆட்டத்தில் இறங்காத கட்டுகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும்: +8 இருந்து 4 கட்டு மீதி என்றால் +2. ஒவ்வொரு +1-க்கும் சுமார் அரை சதவீதம் ஆடுபவர் பக்கம் சாயும். அப்போது பந்தயத்தை ஏற்றுவார்கள். இறங்கிய சீட்டு ஆட்டத்துக்குத் திரும்பாமல் இருந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும்.

முதல் வகை மெஷின், ஆட்டத்தில் இல்லாத கட்டுகளைக் கலைப்பது. பெரும்பாலும் இரண்டு நிற முதுகுள்ள சீட்டுகள் இருக்கும். ஒரு நிறம் ஆட்டத்தில், மற்றது மெஷினுக்குள். ஆடிய சீட்டுகள் டீலரின் வலப்பக்கத் தட்டில் சேர்ந்துகொண்டே போகும். இந்த மேசையில் எண்ணலாம். மறுபடி கலைக்குமுன் 6 கட்டில் நாலரைக் கட்டு வரை பிரித்துக் கொடுத்தால் நல்ல மேசை. மூன்றோடு நிறுத்தினால் உழைப்புக்குப் பலன் குறைவு. கையால் கலைக்கும்போது சீட்டுக் கொத்துகள் எங்கே போகின்றன என்று கண்ணால் தொடர்பவர்களின் வித்தைக்குத்தான் இங்கே வேலை இல்லை.

இரண்டாவது வகை, ஓயாமல் கலைப்பது. ஒரு சுற்று முடிந்ததும் டீலர் அத்தனை சீட்டையும் மெஷினுக்குள்ளேயே போட்டுவிடுவார். கிரைண்டரில் ஓரம் ஒதுங்கிய மாவைத் திரும்பத் திரும்பக் கல்லுக்கடியில் தள்ளிவிடுகிற மாதிரி. ஐந்து பேர் ஆடினால் சுற்றுக்குச் சுமார் 16 சீட்டு இறங்கும். அதில் கணக்கு +6 வந்தாலும், 6 கட்டில் மீதி 5.7 கட்டால் வகுத்தால் +1-ஐத்தான் தொடும். அடுத்த சுற்றுக்குள் அந்தச் சீட்டுகளும் உள்ளே போய்விடும். சில டீலர்கள் இரண்டு மூன்று சுற்றுச் சீட்டைச் சேர்த்துப் போடுவதுண்டு. வெளியே வரும் வாயில் சில சீட்டுகள் முன்கூட்டியே காத்திருப்பதும் உண்டு. இவற்றை வைத்துச் சம்பாதிக்கலாம் என்று நம்பி உட்காராதீர்கள். அந்த இடுக்கு மிகச் சிறியது.

அடையாளம் சுலபம்: தட்டில் சீட்டு உயர்ந்துகொண்டே போகிறதா, இல்லையா? உட்காருவதற்கு முன் நான்கு சுற்று நின்று பாருங்கள்.

கேள்வி: மெஷின் கலைத்தால் முழுக்கக் கலைந்துவிடுமா?
– கல்லூரிக் கணித மாணவி, கோபிசெட்டிபாளையம்

பதில்: எல்லா மெஷினும் அப்படியில்லை. பெர்சி டயகோனிஸ், ஜேசன் ஃபுல்மன், சூசன் ஹோம்ஸ் என்ற கணித, புள்ளியியல் அறிஞர்கள் மூவரும் 10 தட்டுள்ள ஒரு மெஷினை ஆராய்ந்து 2013-ல் கட்டுரை வெளியிட்டார்கள். அதில் ஒவ்வொரு சீட்டும் ஏதாவதொரு தட்டில், ஏற்கெனவே இருப்பதன் மேலோ கீழோ போய்ச் சேரும். அதனால் பழைய வரிசையின் துண்டுகள் ஏறுமுகமாகவும் இறங்குமுகமாகவும் அப்படியே தங்கிவிடுகின்றன. 52 சீட்டையும் ஒவ்வொன்றாக ஊகித்துத் திறந்து பார்த்தால், நன்றாகக் கலைந்த கட்டில் சராசரியாக 4.5 சரியாக வரும். இந்த மெஷின் ஒருமுறை கலைத்த கட்டில் 9.5 வரை ஊகிக்க முடிந்தது. கணிதம் படிக்கிற நீங்கள் அந்த 4.5 எங்கிருந்து வருகிறது என்று 1 + 1/2 + 1/3 … 1/52 கூட்டிப் பாருங்கள், அருமையான பயிற்சி.

இன்னொன்று: வளைந்த, ஈரம் பட்ட சீட்டு மெஷினில் சிக்கும். ஓயாமல் கலைக்கும் மெஷினில் சீட்டு சீக்கிரம் தேய்வதால் அடிக்கடி மாற்ற வேண்டிவரும்.

கேள்வி: எண்ணத் தெரியாத எங்களை மாதிரி ஆளுக்கு மெஷினால நட்டமுங்களா?
– ஒரு வாசகர், பொள்ளாச்சி

பதில்: நட்டம் வேகத்தில்தான் இருக்கிறது. 6 கட்டு ஆட்டத்தில், ஓயாமல் கலைக்கும் மெஷின் வீட்டின் (அதாவது கேசினோவின்) சாதகத்தைச் சுமார் 0.02 சதவீதம் குறைக்கவே செய்கிறது. ஆனால் கலைக்க நிறுத்த வேண்டியதில்லை என்பதால் மணிக்கு 60 கை ஆடும் இடத்தில் 72 ஆடுவீர்கள். ஒரு கைக்கு 500 ரூபாய், சாதகம் 0.5 சதவீதம் என்றால் எதிர்பார்க்கும் இழப்பு மணிக்கு 150-லிருந்து 180-க்குப் போகிறது, அந்த 0.02 திருப்பித் தருவது ஏழு ரூபாய்.

இதைவிடப் பெரிய ஓட்டை, மேசைத் துணியில் பிளாக்ஜாக்குக்கு (முதல் இரண்டு சீட்டிலேயே 21 விழுவதற்கு) 3:2 என்பதற்குப் பதில் 6:5 என்று அச்சிட்டிருப்பது. 500-க்கு 750 வரவேண்டிய இடத்தில் 600 வரும். பிளாக்ஜாக் சுமார் 21 கைக்கு ஒருமுறை விழும் என்பதால் இது மட்டுமே 1.4 சதவீதம் தின்றுவிடும். மெஷினைப் பார்க்குமுன் துணியைப் படியுங்கள்.

கேள்வி: செல்போன் ஆப் வைத்து எண்ணலாமா?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: வேண்டாம். மனதுக்குள் எண்ணுவது அமெரிக்காவில் குற்றமில்லை. 1982-ல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம், எண்ணுகிறார் என்பதற்காகக் கேசினோ தானாக ஒருவரை வெளியேற்ற முடியாது என்றே சொன்னது. நெவாடாவில் வெளியேற்றலாம். ஆனால் கருவியின் துணையோடு எண்ணுவது அங்கே சிறைத்தண்டனைக்குரிய குற்றம்.