ஏற்காட்டுக் குளிரில் தேனீப் பெட்டிகளைக் காப்பது எப்படி?

கேள்வி: ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் 3 ஏக்கரில் காப்பியும் மிளகும் பயிரிடுகிறேன். இந்தியத் தேனீப் பெட்டிகள் 12 வைத்திருந்தேன். சென்ற ஆவணியில் கடைசியாகத் தேன் எடுத்தபோது கீழ் அறையில் அடை தொங்கும் மரச் சட்டங்களில் இருந்ததையும் எடுத்துவிட்டேன். கார்த்திகையில் குளிருக்காகப் பெட்டிகளைப் பிளாஸ்டிக் தாளால் சுற்றினேன். தை பிறப்பதற்குள் 5 பெட்டிகள் போய்விட்டன. நான்கில் தேனீக்கள் அடையின் கண்ணறைகளுக்குள் தலையை விட்டபடி செத்திருந்தன. சட்டங்கள் ஈரமாகிப் பூஞ்சணம் பிடித்திருந்தன. ஒரு பெட்டி காலியாகிவிட்டது. இந்த ஆண்டு கம்பளி போர்த்தலாமா? வெல்லப் பாகு வைக்கலாமா?

பதில்: தாங்கள் கவனித்து எழுதியிருக்கும் ஓர் அடையாளமே காரணத்தைக் காட்டிவிடுகிறது. கண்ணறைக்குள் தலையை விட்டபடி தேனீக்கள் இறந்து கிடந்தால், கடைசித் துளித் தேனையும் தேடி நக்கிவிட்டுப் பட்டினியால் மடிந்தன என்று பொருள். ஐந்து கூட்டங்களை இழந்த வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவற்றைக் கொன்றது குளிர் அன்று. வயிறு நிறைந்த கூட்டம் ஏற்காட்டுக் குளிரைத் தாங்கிவிடும். பனி உறையும் நாடுகளில்கூடத் தேனீக்கள் ஒன்றோடொன்று நெருங்கிப் பந்துபோல் திரண்டு, இறக்கையை அசைக்காமலேயே பறக்கும் தசைகளை மட்டும் நடுங்க வைத்து வெப்பம் உண்டாக்கிக் கொள்கின்றன. அந்த வெப்பத்துக்கு எரிபொருள் தேன் ஒன்றுதான்.

குளிர்நாடுகளுக்கும் நம் மலைக்கும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. அங்கே கடுங்குளிரில் ராணி முட்டையிடுவதை ஏறத்தாழ நிறுத்திவிடும். வேலைக்காரத் தேனீக்களும் பல மாதங்கள் உயிர் வாழும். இங்கே மார்கழியிலும் கொஞ்சம் புழு வளர்ப்பு நடந்துகொண்டே இருக்கும். புழுக்கள் இருக்கும் இடத்தை 33 முதல் 36 டிகிரி வரை சூடாக வைத்திருக்க வேண்டியிருப்பதால் தேன் வேகமாகக் கரையும். அதே வேளையில் ஐப்பசி, கார்த்திகை மழையும் அதைத் தொடரும் மூடுபனியும் தேனீக்களை நாள்கணக்கில் வெளியே விடுவதில்லை. செலவு நிற்காமல் வரவு மட்டும் நின்றுபோகும் இந்தக் காலத்துக்கான இருப்பைத்தான் தாங்கள் ஆவணியில் எடுத்துவிட்டீர்கள். மேலே உள்ள தேன் அறை நமக்கு, கீழே உள்ள புழு அறைத் தேன் அவற்றுக்கு என்ற வரம்பை எந்த ஆண்டும் மீறக் கூடாது.

பிளாஸ்டிக் தாள் இரண்டாவது தவறு. தேனீக்கள் 1 கிலோ தேனை உண்டு வெப்பமாக்கும்போது, தேனில் ஏற்கெனவே இருந்த நீரும் சேர்ந்து ஏறத்தாழ 650 மில்லி நீர் ஆவியாக வெளிவருகிறது. அது வெளியேற வழியில்லாவிட்டால் மூடியின் உட்புறத்தில் குளிர்ந்து, திரண்டிருக்கும் கூட்டத்தின் மேலேயே சொட்டும். உலர்ந்த தேனீ குளிரைத் தாங்கும், நனைந்த தேனீ தாங்காது. கம்பளியும் மூடுபனியின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு அப்படியே வைத்திருக்கும் என்பதால் வேண்டாம். சட்டங்களுக்கு மேல் உலர்ந்த சாக்கை இரண்டாக மடித்துப் போட்டு, மூடியில் விரல் நுழையாத அளவு காற்றுப் புழை விட்டு, அதற்கும் மேலே மழை ஒழுகாதபடி தகரமோ ஓடோ சாய்த்து வையுங்கள். சாக்கு நனைந்தால் மாற்றிவிட வேண்டும். உள்ளே சேரும் நீர் வாசல் வழியே வடியுமாறு பெட்டி முன்பக்கம் சற்றே சாய்ந்திருக்கட்டும். சில்வர் ஓக் நிழல் அடர்ந்த இடத்திலிருந்து பெட்டிகளைக் காலை வெயில் விழும் கிழக்குச் சரிவுக்கு மாற்ற முடிந்தால் பெரிய நன்மை. ஆனால் ஓரிரு நூறு அடி நகர்த்தினால் தேனீக்கள் பழைய இடத்துக்கே திரும்பிப் போய்த் தவிக்கும் என்பதால், நிற்கும் இடத்திலேயே கிளைகளைக் கழித்து வெயில் விடுவதுதான் எளிது.

புரட்டாசி முடிவதற்குள் செய்ய வேண்டியது தீவனம். வெள்ளைச் சர்க்கரை 2 பங்கு, தண்ணீர் 1 பங்கு என்று கெட்டியாகப் பாகு காய்ச்சி, நன்றாக ஆறிய பின் கொட்டாங்குச்சியில் ஊற்றி, தேனீக்கள் மூழ்கிவிடாமல் இருக்க வைக்கோல் துண்டுகளை மிதக்கவிட்டுப் பெட்டிக்குள் வையுங்கள். பொழுது சாய்ந்த பிறகு, எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரே நேரத்தில், ஒரு சொட்டும் வெளியே சிந்தாமல் வைக்க வேண்டும். இல்லையென்றால் வலுவான கூட்டம் மெலிந்ததைக் கொள்ளையடித்துவிடும். ஓரச் சட்டங்களில் மெழுகு மூடியிட்ட தேன் நிறையும் வரை தொடருங்கள். வெல்லப் பாகு கூடாது. அதிலுள்ள செரிக்காத பொருள்கள் தேனீக்களுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும். வெளியே பறந்துபோய்க் கழிக்க முடியாத மழைநாளில் பெட்டியே அசுத்தமாகிவிடும். கடைத் தேனும் வேண்டாம், அதன் வழியே நோய் வரலாம்.

மூடுபனி இறங்கிய பின் நீர்ப்பாகு கொடுப்பது உள்ளே ஈரத்தைக் கூட்டும். அப்போது பெட்டியின் பின்பக்கத்தை ஒரு கையால் லேசாகத் தூக்கிப் பாருங்கள். எடையின்றி எழும்பினால், வீட்டில் அரைத்த சர்க்கரை மாவைத் தங்கள் நலமான பெட்டியின் தேனில் கெட்டியாகப் பிசைந்து, தட்டையாக்கிச் சட்டங்களின் மேல் வைத்து உடனே மூடிவிடுங்கள். இதைத் தவிர மார்கழியில் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். இந்தியத் தேனீ அடிக்கடி கலைக்கப்பட்டால் பெட்டியையே விட்டு ஓடிவிடும் இயல்புடையது. காலியாகிவிட்ட பெட்டிக்கும் பசியோ, மெழுகுப் பூச்சியோ, இத்தகைய தொந்தரவோதான் காரணமாக இருந்திருக்க வேண்டும்.

மீதமுள்ள 7 கூட்டங்களில் மூன்று சட்டங்களைக்கூட மொய்த்து மூட முடியாத அளவுக்கு மெலிந்தவை இருந்தால், அவற்றைத் தனியே வைத்துக் காப்பாற்ற முயல வேண்டாம். எண்ணிக்கை குறைகிறதே என்று மனம் இடம் கொடுக்காது. ஆனாலும் தை மாதத்தில் இரண்டு காலிப் பெட்டிகள் நிற்பதைவிட ஒரு வலுவான கூட்டம் நிற்பது மேல். மெலிந்த கூட்டத்தின் ராணியை அகற்றிவிட்டு, மாலை நேரத்தில் இரண்டு கூட்டங்களுக்கும் இடையே சிறு துளைகள் இட்ட செய்தித்தாளை வைத்து ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால், தாளை அரித்து முடிப்பதற்குள் வாடை கலந்து சண்டையின்றிச் சேர்ந்துவிடும். தேனீக்கள் மொய்க்காத அடைகளை எடுத்துவிட்டுத் தடுப்புப் பலகையால் இடத்தைச் சுருக்குங்கள். வாசலையும் இரு விரல் அகலத்துக்குக் குறையுங்கள்.

மாசியில் வெயில் ஏறியதும் சர்க்கரையும் தண்ணீரும் சம அளவில் கலந்த நீர்த்த பாகைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் புழு வளர்ப்பைத் தூண்டினால், கோடை மழைக்குப் பின் சில நாள்களே நிற்கும் காப்பிப் பூவுக்குக் கூட்டம் ஆயத்தமாக இருக்கும்.

போய்விட்ட 5 பெட்டிகளின் பூஞ்சணம் பிடித்த அடைகளைப் புதுக் கூட்டத்துக்குக் கொடுக்காமல் உருக்கி மெழுகாக்கிவிடுங்கள். பெட்டிகளைச் சுரண்டிக் கழுவி நல்ல வெயிலில் காயவைத்த பின் பயன்படுத்தலாம். சுரண்டும்போது, இறந்த புழுக்கள் நீர் நிறைந்த பைபோல, தலை மேல்நோக்கிய நிலையில் கண்ணறைகளில் காணப்பட்டால் எனக்கு உடனே எழுதுங்கள். அது 1991-92இல் தென்னிந்தியாவின் இந்தியத் தேனீக் கூட்டங்களைப் பெருமளவில் அழித்த தாய்லாந்துப் பைப்புழு நோயாக இருக்கலாம். வைரஸால் வருவது என்பதால் அதற்கு எந்த மருந்தும் பலிக்காது. அந்தப் பெட்டிகளின் சட்டத்தையோ தேனையோ மற்றவற்றுக்கு மாற்றாமல் தனியே வைத்திருங்கள்.