வாய்ப்பேச்சில் பெயிண்ட் வேலை: சுவர் உரிகிறது, பாக்கியைக் கொடுக்க வேண்டுமா?

கேள்வி: காரைக்குடி பக்கத்துக் கிராமம் ஒன்றில் எங்கள் பூர்வீக வீடு இருக்கிறது. வருகிற தை மாதம் என் கணவருக்குச் சாந்தி (வயது நிறைவுச் சடங்கு). அதற்காக முகப்பு, வளவு (உள்முற்றமும் அதைச் சுற்றிய பகுதியும்), கதவு, கிராதி எல்லாவற்றுக்கும் பெயிண்ட் அடிக்க ஒரு காண்டிராக்டரிடம் பேசினோம். மெட்டீரியலோடு 1,80,000 ரூபாய். எல்லாம் வாய்ப்பேச்சுதான். 1,20,000 ரூபாயை ஜிபேயில் அனுப்பிவிட்டேன். வேலை முடிந்து மூன்று மாதத்திற்குள் வளவுச் சுவரில் பெயிண்ட் கொப்புளம் விட்டு உரிகிறது. தரையில் சிந்தியதை ஆசிட் ஊற்றித் துடைத்ததில் ஆத்தங்குடிக் கல்லில் பூ வெளுத்துவிட்டது. கேட்டால், "சுவர் ஓதமா (ஈரக்கசிவா) இருந்தா நான் என்ன பண்றது?" என்கிறார். பாக்கி 60,000 போக, தூண்களுக்குத் தனியாக 22,000 கேட்கிறார். தராவிட்டால் போலீஸுக்குப் போவாராம். சென்னையில் இருக்கும் பங்காளி வேறு, "யாரைக் கேட்டு அடிச்சீங்க?" என்கிறார். கையில் பத்திரம் இல்லாமல் நான் வழக்குப் போட முடியுமா?

பதில்: ஆச்சி, முதல் காரியம், அந்தச் சுவரை இப்போது யாரும் சுரண்டக் கூடாது. சாந்தி நெருங்குகிறதே, வேறு ஆளை விட்டு உரித்து அடித்துவிடலாம் என்று வீட்டில் சொல்வார்கள். உங்கள் பக்கம் பேசப்போகிற பெரிய சாட்சி அந்தச் சுவர்தான். ஒரு சிவில் இன்ஜினியரை, முடிந்தால் சுண்ணாம்புப் பூச்சு தெரிந்த ஒரு பெரிய கொத்தனாரையும் சேர்த்து, வரவழைத்துக் காட்டுங்கள். எந்தத் தேதியில் பார்க்கப்போகிறார்கள் என்று காண்டிராக்டருக்கு முன்கூட்டியே பதிவுத் தபாலிலும் வாட்ஸ்அப்பிலும் தெரிவியுங்கள். வந்தால் நல்லது. வராவிட்டால், பின்னால் "எனக்குத் தெரியாமல் பார்த்தார்கள்" என்று அவர் சொல்ல முடியாது. இன்ஜினியர் அறிக்கையில் காரணமும், சரிசெய்ய ஆகும் செலவும் இருக்க வேண்டும். அதை வாங்கிய பிறகு சுவரில் கை வைக்கலாம்.

பத்திரம் இல்லையே என்று கலங்க வேண்டாம். 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டப்படி வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான். பேசியது என்ன என்று நிரூபிப்பதில்தான் சிரமம். ஜிபே கணக்கு, அவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ், கலர் கார்டு படம், பெயிண்ட் கடை பில் எல்லாமே ஆதாரம். போனை மாற்றாதீர்கள், எதையும் அழிக்காதீர்கள். மெசேஜ்களை ஆதாரமாகத் தாக்கல் செய்யும்போது புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவுப்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். அந்தப் போன் உங்கள் கையில் இருந்தால் அது சுலபம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நம் பக்கத்து வளவுச் சுவர் சிமெண்ட் சுவர் அல்ல. சுண்ணாம்பு, கடுக்காய், வெல்லம், கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு என்று இழைத்த சுவர். அது ஈரத்தை வாங்கி வெளியே விடும். மேலே பட்டி பார்த்து எமல்ஷனைப் போட்டு மூடினால் ஈரத்துக்குப் போக வழியில்லை. கொப்புளம் விடும், உப்புப் பூக்கும். நீங்கள் அனுப்பிய படம் ஒன்றில், உரிந்த தகட்டின் பின்புறம் பட்டி அப்படியே ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. அடியில் பழைய பூச்சின் பளபளப்பு மேல் மிஷின் தேய்த்த கீறல் வட்டம் வட்டமாகத் தெரிகிறது. அதைப் பார்க்க எனக்கு மனசு ஆறவில்லை. பெயிண்டை மறுபடி அடித்துக்கொள்ளலாம். அந்த இழைப்பைத் திரும்பக் கொண்டுவரும் கைகள் இன்று மிகக் குறைவு.

"சுவர் ஓதம்" என்ற அவருடைய பதில் அவருக்கே எதிராகத் திரும்பும். காசு வாங்கிக்கொண்டு ஒரு வேலையைச் செய்கிறவர் அந்த வேலைக்குரிய திறமையோடும் கவனத்தோடும் செய்ய வேண்டும். சுவர் ஓதம் என்று தெரிந்திருந்தால் அடிக்கும் முன்பே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஒன்றை நீங்கள் யோசித்துப் பார்த்து எனக்கு எழுதுங்கள்: "இது சுண்ணாம்புச் சுவர், எமல்ஷன் நிற்காது" என்று அவர் சொல்லி, பளிச்சென்று இருக்கட்டும் என்று நீங்களோ பிள்ளைகளோ வற்புறுத்தினீர்களா? அப்படி நடந்திருந்தால் உங்கள் வழக்கு பாதி பலம் இழக்கும். ஆசிட் விஷயத்தில் அந்தக் கேள்வியே இல்லை. ஆத்தங்குடிக் கல்லின் மேல்பரப்பு சிமெண்ட், ஆசிட் அதை அரிக்கும். அது முழுக்க அவர் ஆட்களின் கவனக்குறைவு.

பாக்கி 60,000-ஐ முழுக்க மறுக்காதீர்கள், முழுக்கக் கொடுக்கவும் வேண்டாம். முகப்பும் கதவு, கிராதியும் ஒழுங்காக இருந்தால் அந்த வேலைக்குக் கூலி அவருக்குச் சேர வேண்டும். வளவுச் சுவரையும் தரையையும் சரிசெய்யும் செலவைக் கழித்துக் கணக்குப் போடுங்கள். பெரும்பாலும் அவர்தான் உங்களுக்குத் தர வேண்டியிருக்கும். தூண்கள் முதல் பேச்சில் இருந்தனவா என்பதைப் பொறுத்தது 22,000. வளவு முழுக்க என்று பேசியிருந்தால் தூணும் அதில் அடக்கம். இடையில் நீங்களே "அதையும் அடிச்சிருங்க" என்று சொல்லியிருந்தால் நியாயமான கூலி கொடுக்கத்தான் வேண்டும்.

போலீஸ் மிரட்டலுக்குப் பயப்படாதீர்கள், இது பணத் தகராறு. அதே காரணத்தால் நீங்களும் மோசடிப் புகார் கொடுக்க ஓட வேண்டாம். ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்தால்தான் மோசடி; மோசமான வேலை அதில் வராது.

நீங்கள் போக வேண்டிய இடம் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் வருடச் சட்டப்படி, குறை தெரிந்த நாளிலிருந்து இரண்டு வருடத்திற்குள் புகார் கொடுக்க வேண்டும். சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. பெண் என்பதால் வருமானம் பார்க்காமல் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் உங்களுக்கு இலவச வக்கீலும் கிடைப்பார், 15100-க்குப் பேசுங்கள். ஒரு விஷயம் மட்டும்: வீட்டைச் சினிமா ஷூட்டிங்குக்கோ ஹோட்டலுக்கோ வாடகைக்கு விடுகிறீர்களா? விட்டால், இது வணிக நோக்கம், நீங்கள் நுகர்வோரே அல்ல என்று எதிர்த்தரப்பு வாதாடும். அப்போது சிவில் கோர்ட்தான் வழி.

பங்காளிக்கு மரியாதையாகவே பதில் சொல்லுங்கள். கூட்டுச் சொத்தைப் பராமரிக்க ஒரு பங்குதாரர் பெயிண்ட் அடிப்பது தப்பில்லை. ஆனால் முன்கூட்டிச் சம்மதம் வாங்காத செலவில் அவர் பங்கைக் கேட்டால் தகராறுதான் வரும். இனிமேல் எல்லாப் புள்ளிகளும் (பங்குள்ள குடும்பங்களும்) இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் தொகையையும் கலரையும் போட்டு, "சரி" என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

அடுத்து வருகிற பெயிண்டரிடம் ரேட்டைக் கேட்கும் முன், "இது என்ன சுவர், தட்டிப் பார்த்துச் சொல்லுங்க" என்று கேளுங்கள். தட்டாமல் சதுர அடிக் கணக்குச் சொல்கிறவரை அனுப்பிவிடலாம். பழைய பூச்சை எதை வைத்துத் தேய்ப்பார் என்று கேளுங்கள். மிஷின் என்றால் வேண்டாம். ஒரு மூலையில் சிறிய இடம் மட்டும் அடித்துச் சில வாரம் விட்டுப் பாருங்கள். அவசரம் என்று இதை மட்டும் விடாதீர்கள். பெயிண்டை யார் வாங்குவது, எந்தக் கம்பெனி, எத்தனை கோட், அளக்கும்போது கதவு ஜன்னலைக் கழிப்பாரா, தரையை எதைப் போட்டு மூடுவார் என்பதெல்லாம் ஒரு தாளில் இருக்கட்டும். காலி டின்களை வேலை முடியும்வரை எடுத்துப் போகக் கூடாது என்றும் எழுதுங்கள். எவ்வளவு பெயிண்ட் உள்ளே போனது என்பதற்கு அதுதான் கணக்கு. சாரத்தில் ஏறும் ஆட்கள் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். யாராவது விழுந்துவிட்டால் அவர்கள் குடும்பத்துக்கு அந்த அட்டை உதவும்.

பணத்தை நான்காகப் பிரித்துக்கொள்ளுங்கள்: ஆரம்பத்தில் ஒரு பங்கு, சுரண்டி முடித்ததும் ஒன்று, கடைசிக் கோட் முடிந்ததும் ஒன்று, நான்காவது பங்கு ஒரு மழைக்காலம் போன பிறகு. கடைசிப் பங்குக்கு ஒத்துக்கொள்கிற பெயிண்டர் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டாலும் அவருக்கே வேலையைக் கொடுங்கள்.

பழைய காண்டிராக்டருக்கு அனுப்ப வேண்டிய நோட்டீஸில் வேலை நடந்த தேதிகள், கொடுத்த தொகை, உரிந்த இடங்கள், தரைச் சேதம், சரிசெய்ய 15 நாள் அவகாசம் ஆகியவை இருந்தால் போதும். கோபமான வார்த்தை ஒன்றுகூட வேண்டாம். இன்ஜினியர் அறிக்கை கைக்கு வந்ததும் அதன் நகலோடு அனுப்பிவிட்டு, தபால் ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.