மாலை போட்ட மறுநாள் வலிப்பு வந்தது சாமி குத்தமா?

அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்ற நம் பத்தியாளர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்.

கேள்வி: என் வீட்டுக்காரர் அச்சாபீசில் கட்டிங் மிஷின் ஓட்டுகிறார். பல வருஷமாகக் குடி. இப்போதெல்லாம் விடிந்ததும் கொஞ்சம் உள்ளே போனால்தான் கை நடுங்காமல் டீ கிளாஸையே பிடிக்க முடிகிறது. கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போட்டார். மறுநாள் ராத்திரி வலிப்பு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டார். அதற்கடுத்த நாள், உடம்பில் பூச்சி ஊர்கிறது என்று தட்டிக்கொண்டே இருந்தார். சாமி குத்தம் என்று சொல்லி மாலையைக் கழற்றவைத்தார்கள். குடித்ததும் எல்லாம் அடங்கிவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா, குழம்பில் கலந்து கொடு என்று ஒரு பொடி வாங்கித் தந்திருக்கிறார். கொழுந்தனாரோ, வேனில் தூக்கிக்கொண்டு போய் மூன்று மாதம் உள்ளே வைக்கிற இடம் இருக்கிறது, பணம் கட்டிவிடலாம் என்கிறார். குடித்தால் சில நாள் கை நீளுகிறது. இரண்டு பெண் பிள்ளைகள். எங்கே போவது அக்கா?
— பெயர் வேண்டாம், சிவகாசி அருகே

பதில்: அவருக்கு வலிப்பு வந்ததற்கும் சாமிக்கும் சம்பந்தம் இல்லை, தங்கச்சி. ஒவ்வொரு கார்த்திகையிலும் எங்கள் வார்டுக்கு இப்படிக் கறுப்பு வேட்டியோடு ஆட்கள் வந்திருக்கிறார்கள். குத்தம் செய்தோமே என்ற பயத்தில், மாலையைக் கழற்றக்கூட விடாமல் அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன். குடியை விட வேண்டும் என்று உண்மையாக நினைத்துத்தான் உங்கள் வீட்டுக்காரரும் மாலை போட்டிருக்கிறார். அந்த நினைப்பைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், அது நமக்கு வேண்டும்.

நடந்தது இதுதான். மது மூளையை மந்தமாக்கும். வருஷக்கணக்கில் தினமும் குடிப்பவரின் மூளை, அதை ஈடுகட்டுவதற்காக எந்நேரமும் கூடுதல் வேகத்தில் ஓடப் பழகிவிடுகிறது. குடி சட்டென்று நின்றால் அந்த வேகம் மட்டும் மிஞ்சுகிறது. சில மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, வாந்தி வரும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாளுக்குள் பூச்சி தெரிவது, யாரோ கூப்பிடுவது, இடம் நேரம் தெரியாமல் போவது எல்லாம் வரலாம். இந்தக் கடைசிக் கட்டத்தில் உயிரே போகலாம். ஒருமுறை வலிப்பு வந்தவருக்கு அடுத்த முறையும் வர வாய்ப்பு அதிகம். அதனால் இனி அவரை வீட்டில் வைத்து, அறையைப் பூட்டி, சத்தியம் வாங்கி நிறுத்தப் பார்க்காதீர்கள். மெடிக்கலில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்கவும் வேண்டாம்.

விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கோ காலையில் அழைத்துப் போங்கள். ஓ.பி. சீட்டு போடும் இடத்தில் மனநலப் பிரிவு என்று சொல்லுங்கள். வாடை அடிக்கிறதே, எப்படிக் கூட்டிப் போவது என்று கூச்சப்பட்டு, போவதற்கு முந்தின நாளே குடியை நிறுத்திவிடாதீர்கள். வாடையோடு வருகிறவர்களைப் பார்ப்பதுதான் அவர்கள் வேலை. டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டியது வலிப்பு வந்த விஷயத்தை. எத்தனை மணிக்கு முதல் கிளாஸ், ஒரு நாளைக்கு எவ்வளவு, கடைசியாகக் குடித்தது எப்போது என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அங்கே போய்ப் பதற்றத்தில் மறந்துவிடும். பெரும்பாலும் உள்நோயாளியாகச் சேர்த்து, நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்கும் லோராசெபாம் போன்ற மருந்தை முதலில் கொடுத்து நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வருவார்கள். தையமின் என்கிற பி1 வைட்டமின் ஊசி போடுவார்கள். குடிப்பவர்கள் உடம்பில் அது வற்றிப்போயிருக்கும். போடாமல் விட்டால் ஞாபகமே நிரந்தரமாகக் கெடலாம். ஒரு வாரம், பத்து நாளில் உடம்பு தெளியும்.

அந்தப் பொடியை இன்றைக்கே கொட்டிவிடுங்கள். இப்படித் தெரியாமல் கொடுக்கிறவற்றில் டைசல்ஃபிராம் என்கிற, குடியை நிறுத்தக் கொடுக்கும் மாத்திரை கலந்திருந்தால், அதன் மேல் அவர் குடிக்கும்போது முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் இறங்கி, சாகக்கூட நேரும். அந்த மாத்திரை முறையான மருந்துதான். ஆனால் கல்லீரல், இதயம் பார்த்து, அவருக்கே விளக்கி, அவர் சம்மதித்து, தெரிந்தே விழுங்க வேண்டியது. நிறுத்தின பிறகும் இரண்டு வாரம் வரை அதன் வேலை உடம்பில் இருக்கும். அது ஒத்துவராதவர்களுக்குக் குடிக்கும் ஏக்கத்தைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் என்று வேறு மாத்திரைகளும் உண்டு. புருஷனுக்குத் தெரியாமல் சாப்பாட்டில் எதையும் கலக்கவே கூடாது. பிறகு உங்கள் கையால் ஒரு வாய் சோறு சாப்பிடவும் அவர் யோசிப்பார்.

கொழுந்தனார் சொல்கிற இடத்தைப் பற்றி. தங்கிச் சிகிச்சை பெறுவது நல்லதுதான், பலருக்கு வாழ்வு கொடுத்திருக்கிறது. ஆனால் வேனில் தூக்குவது சிகிச்சை அல்ல. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி இந்த மையங்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும். மனநல மருத்துவர் ஒருவரும் இன்னொரு நிபுணரும் தனித்தனியே பார்த்து, அவருக்கோ பிறருக்கோ ஆபத்து இருக்கிறது என்று சொன்னால்தான் சம்மதமில்லாமல் சேர்க்கலாம். அதுவும் முதலில் 30 நாள் வரைதான். சங்கிலி போடுவதற்குத் தடை உண்டு. பணம் கட்டுமுன் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். ராத்திரி வலிப்பு வந்தால் யார் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். வந்து பார்க்கலாமா, ஃபோனில் பேசலாமா என்று கேளுங்கள். "மூணு மாசத்துக்கு யாரும் வரக்கூடாது" என்று பதில் வந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். மத்திய அரசின் நிதியுதவியோடு தொண்டு நிறுவனங்கள் நடத்தும் மையங்களும் இருக்கின்றன. உங்களுக்குப் பக்கத்தில் எது என்று 14446 என்ற இலவச எண்ணில் கேட்கலாம். 14416 எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே மனநல ஆலோசகரிடம் பேசலாம்.

இனி உங்களைப் பற்றி. உங்கள் கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, கை நீளுகிறது என்று, எனக்கு அதுதான் மனசில் நிற்கிறது. 181 என்ற எண் பெண்களுக்கான உதவி எண், அதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பெரிய பெண்ணுக்கும் சொல்லிக்கொடுங்கள். அவர் சிகிச்சைக்குச் சம்மதிக்கும் வரை அடி வாங்கிக்கொண்டு இருக்க வேண்டும் என்று எந்த நியாயமும் இல்லை.

சென்னையில் குடிநோய்க்குச் சிகிச்சை தரும் டி.டி.கே. மருத்துவமனை இருக்கிறது. 1980இல் அதன் அறக்கட்டளையைத் தொடங்கிய சாந்தி ரங்கநாதன், குடிநோய்க்குக் கணவரைப் பறிகொடுத்தவர். மனைவியும் கூடவே ஆலோசனைக்கு வர வேண்டும் என்பது அங்கே சிகிச்சையின் பாதி. உங்கள் வீட்டுக்காரர் வராவிட்டால்கூட நீங்கள் போகக்கூடிய இடம் ஒன்று உண்டு: அல்-அனான். குடிப்பவர்களின் வீட்டார் கூடிப் பேசும் குழு, 1951இல் அமெரிக்காவில் இரண்டு மனைவிமார் தொடங்கியது. கட்டணம் இல்லை. இந்தக் குடிக்கு நான் காரணம் இல்லை, என்னால் அதைக் கட்டுப்படுத்த முடியாது, என்னால் அதைக் குணமாக்கவும் முடியாது என்று அங்கே சொல்லிக்கொள்வார்கள். நான் சரியாகச் சமைக்கவில்லை, சரியாகப் பேசவில்லை, அதனால்தான் குடிக்கிறார் என்று உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருக்கிற பெண்களுக்கு அந்த மூன்று வார்த்தையும் மருந்து. அவரை மருத்துவமனைக்குக் கூப்பிடும்போதும் சண்டை முடிந்த ராத்திரியில் பேசாதீர்கள். காலையில், கை நடுங்கி அவரே பயந்திருக்கிற நேரத்தில், "உங்களுக்கு வந்தது சாமி குத்தம் இல்லையாம், வைத்தியம் இருக்காம்" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: நான்கு மாதமாகக் குடிக்கவில்லை. டாக்டர் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும் குழு) கூட்டத்துக்குப் போகச் சொல்கிறார். கூட்டம் சர்ச் கட்டடத்தில் நடக்கிறது. எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிட்டால்?
— வாசகர், ஆவடி

பதில்: நான்கு மாதம்! எனக்கு அவ்வளவு சந்தோஷம் தம்பி.

சர்ச்சில் நடப்பது அங்கே அறை கிடைப்பதால்தான். ஏ.ஏ. எந்த மதத்தையும் சேர்ந்தது அல்ல. 1935இல் அமெரிக்காவில் ஒரு பங்குத் தரகரும் ஒரு டாக்டரும், இரண்டு பேருமே குடிநோயாளிகள், ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டே இருந்து குடியை விட்டதில் ஆரம்பித்தது அது. சேர்வதற்கு ஒரே தகுதி, குடியை நிறுத்தும் விருப்பம். கடவுள் என்ற சொல் அங்கே காதில் விழும். ஆனால் 'நாம் புரிந்துகொண்டபடியான' என்று சேர்த்துத்தான் சொல்வார்கள். அந்தக் குழுவையே தனக்கு மேலான சக்தியாக நினைத்துக்கொள்ளும் நாத்திகர்கள் உண்டு. பிரார்த்தனை நேரத்தில் நீங்கள் சும்மா இருக்கலாம்.

தெரிந்தவர் யாராவது அங்கே இருந்தால், அவரும் அதே காரணத்துக்காகத்தான் வந்திருப்பார். உள்ளே கேட்டதை வெளியே பேசக்கூடாது என்பது அங்கே எல்லோரும் காக்கும் வழக்கம். முதல் நாள் பேசக்கூட வேண்டாம், பின்வரிசையில் உட்கார்ந்து கேளுங்கள். ஒரு கூட்டம் பிடிக்காவிட்டால் வேறு பேட்டையில் வேறு கூட்டம் பாருங்கள். கிளம்பும்போது யாராவது ஒரு மூத்த உறுப்பினரிடம் ஃபோன் நம்பர் வாங்கிக்கொள்ளுங்கள். முகூர்த்த மாதம் வருகிறது, கல்யாண வீட்டு மொட்டை மாடியிலிருந்து நண்பர்கள் கூப்பிடும்போது அந்த நம்பருக்கு அடியுங்கள்.