அதிபர் 'வீட்டு விஷயம்' என்கிறார், நான் என்ன செய்ய?

கேள்வி: நான் தரம் 6 வகுப்பாசிரியை. விளையாட்டுக்குச் சட்டை மாற்றும்போது ஒரு பையனின் முதுகில் வயர் அடித்தது போலத் தழும்புகளைக் கண்டேன். தாய் மத்திய கிழக்கில் வேலை, பையன் தகப்பனோடும் சித்தப்பாவோடும் இருக்கிறான். அதிபரிடம் சொன்னால், "வீட்டு விஷயத்துக்குள்ளை நாங்கள் போகக்கூடாது, தகப்பனை ஒருக்காக் கூப்பிட்டுக் கதையுங்கோ" என்கிறார். பாடசாலையால் இதில் என்னதான் செய்ய முடியும்?
(பெயர் வேண்டாம், வலிகாமம்)

பதில்: தகப்பனைக் கூப்பிடாதீர்கள் ரீச்சர். மற்றதெல்லாம் பிறகு. அடித்தது யாரென்று உங்களுக்குத் தெரியாது. அது தகப்பனாகவே இருந்து, நீங்கள் அவரைக் கூப்பிட்டு நாலு கேள்வி கேட்டு அனுப்பினால், அன்றிரவு அந்தப் பையனுக்கு என்ன நடக்கும்? அடுத்த நாள் அவன் வரமாட்டான், வந்தாலும் வாய் திறக்கமாட்டான்.

வீட்டு விஷயம் என்று சொல்லித் தப்பவும் முடியாது. தன் பொறுப்பில் இருக்கும் பிள்ளையை வேண்டுமென்றே துன்புறுத்துவதும், கவனிக்காமல் விடுவதும், கைவிடுவதும் 1995ஆம் ஆண்டிலிருந்து இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவையில் தனிக் குற்றம். பெற்றவர் செய்தாலும் குற்றம்தான்.

பாடசாலையால் என்ன முடியும் என்று கேட்கிறீர்கள். வீட்டுக்கு வெளியே ஒரு பிள்ளையை வாரத்தில் ஐந்து நாளும் கண்முன்னே வைத்திருப்பது வேறு யார்? டொக்டர் காய்ச்சல் வந்தால் பார்ப்பார், கிராம அலுவலர் கையெழுத்துக்குப் போனால் பார்ப்பார். நீங்களோ தினமும் இடாப்புக் கூப்பிடுகிறீர்கள். திங்கட்கிழமைகளில் மட்டும் வராத பிள்ளை, காலைப் பிரார்த்தனையில் வெறும் வயிற்றோடு மயங்கி விழுகிற பிள்ளை, மாதக்கணக்கில் காதில் சீழ் வடிந்தும் கிளினிக்குக்குக் கூட்டிப்போக ஆளில்லாத பிள்ளை, மணி அடித்த பிறகும் வீட்டுக்குப் போக மனமில்லாமல் கேற்றடியில் நிற்கிற பிள்ளை, எல்லாம் உங்கள் கண்ணில்தான் முதலில் படும். தழும்பு எல்லாருக்கும் தெரியும். கவனிப்பாரற்றுக் கிடக்கிற பிள்ளையைத்தான் 'குழப்படி', 'ஊத்தை', 'சோம்பேறி' என்று பெயர் வைத்துக் கடைசி வாங்கில் இருத்திவிடுகிறோம்.

சரி, இனிச் செய்ய வேண்டியது. விசாரிப்பது உங்கள் வேலை இல்லை. பையனைத் தனியே, ஆனால் மற்றவர் கண்ணில் படுகிற ஓர் இடத்தில் இருத்தி, "என்னப்பு நடந்தது?" என்று ஒரு தரம் கேளுங்கள். அவன் சொன்னதை அவன் சொன்ன வார்த்தையிலேயே, திகதியும் நேரமும் போட்டு எழுதி வையுங்கள். "ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள், ஏனென்றால் நீங்கள் சொல்லியே ஆகவேண்டும். திரும்பத் திரும்பக் கேட்பதும், இன்னொரு ரீச்சரைக் கூப்பிட்டு அவருக்கும் சொல்ல வைப்பதும், தழும்பைப் படமெடுத்து வட்ஸ்அப் குழுவில் போடுவதும் அந்தப் பிள்ளைக்குச் செய்கிற அடுத்த கொடுமை.

அப்புறம் 1929க்கு எடுங்கள். 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம் அது. இரவு பகல் எந்நேரமும் எடுக்கலாம், தமிழிலேயே பேசலாம். இல்லையென்றால் உங்கள் பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார், நேரே போய்ச் சொல்லுங்கள். நீங்கள் எதையும் நிரூபிக்கத் தேவையில்லை, சந்தேகம் போதும். அதிபரின் அனுமதியும் தேவையில்லை. பாடசாலையின் பெயர் கெடும் என்று அவர் பயப்படலாம், பழைய மாணவர் சங்கம் என்ன சொல்லும் என்றும் யோசிக்கலாம். பதினொரு வயதுப் பிள்ளையின் முதுகை விட அந்தப் பெயர் பெரிதா?

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். உங்கள் பாடசாலையில் இப்போதும் பிரம்பு இருக்கிறதா? 2005இலேயே கல்வி அமைச்சு 17ஆம் இலக்கச் சுற்றறிக்கையால் அதைத் தடுத்தது, 2016இல் மறுபடியும் ஒன்று வந்தது. ஆசிரியர் அறைந்து செவிப்புலன் பாதிக்கப்பட்ட ஒரு மாணவனின் வழக்கில் 2021இல் உயர் நீதிமன்றம், அது அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரையை, அதாவது சித்திரவதைக்கும் இழிவான நடத்தைக்கும் எதிரான உரிமையை, மீறிய செயல் என்றே தீர்ப்புச் சொன்னது. 'அடியாத மாடு படியாது' என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருப்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: கணக்குப் பிழைத்ததற்குக் கையில் அடித்த அதே ஆளிடம் வந்து, சித்தப்பா வயரால் அடிக்கிறார் என்று எந்தப் பிள்ளை சொல்லும்?

இதழ் வெளிவர இன்னும் நாளிருப்பதால் இந்தப் பதிலை உங்களுக்குத் தனியாகவும் அனுப்பியிருக்கிறேன். அச்சில் வரும்வரை காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே 1929க்கு எடுங்கள்.