நான்கு மதிப்பெண்ணில் நின்றவருக்கு

அன்புள்ள சகோதரிக்கு,

அமெரிக்காவில் வீட்டு அடமானக் கடன் ஏற்பாடு செய்பவர்களுக்கான உரிமத் தேர்வில் 71 சதவீதம் வாங்கி, தேர்ச்சிக்கு வேண்டிய, 75-ஐ எட்ட முடியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். "இந்த வேலை எனக்குச் சரிவராது போல" என்ற வரியை முதலில் அழித்துவிடுங்கள். நீங்கள் நெருங்கித்தான் வந்திருக்கிறீர்கள்.

மறுபடி எழுத 30 நாள் பொறுக்க வேண்டும், 110 டாலரும் மறுபடி கட்ட வேண்டும். மூன்றாம் முறையும் தவறினால் காத்திருப்பு 180 நாளாகிவிடும். அதனால் 31-ஆம் நாளே எழுதியாக வேண்டும் என்று ஓடாதீர்கள்.

இந்த உரிமத்துக்காக 2008-இல் வந்த மத்தியச் சட்டமான சேஃப் சட்டம் கேட்கும் 20 மணி நேர வகுப்பு உரிமத்துக்கான நிபந்தனைதான். தேர்வில் தேற அது மட்டும் போதாது. மாதிரிக் கேள்விகளை ஆயிரக்கணக்கில் போட்டுப் பார்த்தேன் என்கிறீர்கள். சிக்கலே அங்கேதான் என்று நினைக்கிறேன். விடை மனப்பாடமாகிவிடுகிறது, கேள்வியைச் சற்றுத் திருப்பிக் கேட்டால் கை நின்றுவிடுகிறது.

ஒரு கடன் விண்ணப்பத்தை எடுத்து, வாங்கியதிலிருந்து கையெழுத்து வரை நாள்காட்டியில் குறித்துப் பாருங்கள். வெள்ளிக்கிழமை விண்ணப்பம் வந்தது, சனி ஞாயிறு அலுவலகம் மூடல் என்றால், கடனின் உத்தேசச் செலவைச் சொல்லும் லோன் எஸ்டிமேட் மூன்றாம் வேலை நாளான புதன்கிழமைக்குள் போக வேண்டும். பிறகு அதே விண்ணப்பதாரருக்கு, இறுதிச் செலவைச் சொல்லும் க்ளோசிங் டிஸ்க்ளோஷர் ஒரு வியாழக்கிழமை கையில் கிடைத்தால், திங்கட்கிழமையே கையெழுத்துப் போடலாம். இந்த இரண்டாவது கணக்கில் அலுவலகம் மூடியிருந்தாலும் சனிக்கிழமை கணக்கில் சேரும். ஞாயிறும் மத்திய அரசு விடுமுறையும்தான் சேராது. இரண்டுமே மூன்று வேலை நாள்தான், ஆனால் எண்ணும் முறை வேறு. வகுப்பில் இதை ஒரே நிமிடத்தில் கடந்துவிடுவார்கள். தேர்வில் பலர் சறுக்குவது இங்கேதான்.

மதிப்பெண் அறிக்கையில் எந்தப் பிரிவில் குறைந்தீர்கள் என்று இருக்கும். தேர்வுக் கேள்விகளில் கடன் வழங்கும் நடைமுறைக்கு 27 சதவீதம், மத்தியச் சட்டங்களுக்கு 24. குறை இந்த இரண்டில் என்றால் நேரத்தை இங்கேயே செலவிடுங்கள். நெறிமுறைப் பகுதியை எளிது என்று விட்டுவிடாதீர்கள், அதற்கும் 18 உண்டு.

அப்புறம் இன்னொன்று. உரிமம் தரும்போது கைரேகையோடு உங்கள் கிரெடிட் ரிப்போர்ட்டையும் பார்ப்பார்கள். இத்தனை ஸ்கோர் வேண்டும் என்று சேஃப் சட்டத்தில் இல்லை. ஆனால் பாக்கி இருந்தால் விளக்கம் கேட்பார்கள். பழைய கார்டு பாக்கி ஏதேனும் இருந்தால் இந்தக் காத்திருப்பிலேயே அடைத்து, ரசீதை எடுத்து வையுங்கள்.