ஒட்டுத்தோல் பிடிக்கும் முதல் வாரம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தீக்காயத்துக்காக என் தங்கைக்குத் தோல் ஒட்டு அறுவை சிகிச்சை நடந்தது. ஒட்டிய தோலில் ஒரு பகுதி பிடிக்காமல் கறுத்துப்போனதால் மறுபடியும் செய்ய வேண்டியதாயிற்று. ஸ்டெம் செல்களும், செல்களை வளரத் தூண்டும் வளர்ச்சிக் காரணிகளும் செலுத்தி எலிகளில் ஒட்டுத்தோலை விரைவாகப் பிடிக்க வைத்ததாகப் பல ஆய்வுகளில் படிக்கிறேன். அவை ஏன் நோயாளிகளிடம் வந்துசேர்வதில்லை?

ர.

அன்புள்ள ர.,

உங்கள் தங்கை நலம் பெற்று வருவார் என நம்புகிறேன்.

ஒட்டுவதற்காக உடலின் வேறிடத்திலிருந்து சீவி எடுக்கப்பட்ட தோலுக்கு ரத்த ஓட்டம் அறுந்துவிடுகிறது. முதல் ஓரிரு நாட்கள் காயத்தின் தளத்தில் ஊறும் நீரை உறிஞ்சியே அது உயிர்பிழைக்கிறது. அதன்பின் தளத்திலுள்ள நுண்ணிய ரத்தக்குழாய்கள் ஒட்டுத்தோலில் எஞ்சியிருக்கும் குழாய்களோடு இணையத் தொடங்கி, ஏறத்தாழ ஒரு வாரத்தில் ஓட்டம் நிலைபெறுகிறது. இதற்குள் அடியில் ரத்தமோ நீரோ தேங்கினாலும், ஒட்டுத்தோல் சற்று நழுவினாலும், கிருமி பெருகினாலும் அந்த இணைப்பு நிகழாமல் தோல் மடிகிறது.

நீங்கள் படித்த ஆய்வுகளில் பெரும்பாலானவை ரத்தக்குழாய்கள் வளரும் வேகத்தைக் கூட்ட முயல்பவை. அவற்றின் முடிவுகளை நான் ஐயுறவில்லை. ஆனால் எலியின் தோல் தளர்வானது, அதனடியில் மெல்லிய தசைப்படலமும் உண்டு, ஆகவே அதன் காயம் பெரும்பாலும் சுருங்கியே மூடிக்கொள்கிறது. இந்தச் சுருக்கத்தைத் தடுக்கக் காயத்தைச் சுற்றி வளையம் வைத்துத் தைக்கும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். மனிதத் தோலுக்கு நெருக்கமானது பன்றியின் தோல். அதில் சோதிப்பது செலவும் உழைப்பும் மிகுந்த வேலை. மேலும், ஆரோக்கியமான இளம் விலங்கின் உடலில் புதிதாக வெட்டிய சுத்தமான காயத்தையும், வெந்த சதையும் கிருமியும் சேர்ந்த ஒரு தீக்காயத்தையும் ஒன்றாக எண்ண முடியாது. ரத்தக்குழாய் மெதுவாக வளர்வதைவிட, அடியில் நீர் கோர்ப்பதும் தோல் நழுவுவதுமே நோயாளிகளிடம் அடிக்கடி தோல்விக்குக் காரணமாகின்றன என்பதால், வளர்ச்சியை மட்டும் தூண்டும் மருந்து பிரச்சினையின் ஒரு பகுதியைத்தான் தொடுகிறது.

சோதனையிலிருந்து மருத்துவமனைக்கு உண்மையிலேயே வந்துசேர்ந்தவற்றைப் பாருங்கள். அர்ஜென்டாவும் மோரிக்வாஸும் பன்றிகளில் சோதித்து 1997இல் வெளியிட்ட உறிஞ்சழுத்தச் சிகிச்சை, காயத்தின் மீது நுரைப்பஞ்சை வைத்துக் காற்றுப்புகாமல் மூடி, கசியும் நீரை இழுத்துக்கொள்கிறது. ஒட்டுத்தோலின் மீது வைத்தால் அதை அசையாமல் தளத்தோடு பிடித்தும் வைக்கிறது. ஒட்டுத்தோல் இழப்பை அது குறைப்பதை நோயாளிகளிடம் நடந்த ஒப்பீட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. செல்களை நம்பிய வழி இதைவிட நீண்டது. மேல்தோல் செல்களை ஆய்வகத்தில் வளர்க்கும் முறையை ரைன்வால்டும் கிரீனும் 1975இல் வெளியிட்டார்கள். சில ஆண்டுகளில் அது தீக்காயங்களுக்குப் பயன்பட்டது, ஆனால் அடித்தோல் இல்லாத அந்த மெல்லிய படலம் எளிதில் கொப்புளித்து உரிந்தது. 2017இல் வெளியான ஆய்வில், தோல் உரியும் மரபுநோய் கொண்ட ஒரு சிறுவனுக்கு, மரபணுவைத் திருத்தி வளர்த்த மேல்தோலை ஏறக்குறைய 80 சதவீத உடற்பரப்பில் ஒட்டி நிலைக்க வைத்தார்கள். வாசித்தபோது என்னை மிகவும் நெகிழ வைத்த ஆய்வு அது. நீடித்துப் புதுப்பித்துக்கொள்ளும் ஸ்டெம் செல்கள் அந்தப் படலத்தில் இருந்ததே அது நிலைத்ததற்குக் காரணம்.

ஆகவே ஓர் ஆய்வைப் படிக்கும்போது, எந்த விலங்கு, எத்தகைய காயம் என்பதோடு, எதை அளந்தார்கள் என்றும் பாருங்கள். நுண்ணோக்கியில் எண்ணிய ரத்தக்குழாய்களைவிட, ஒட்டிய பரப்பில் எத்தனை பங்கு பிடித்தது, மறு அறுவை தேவைப்பட்டதா, ஓராண்டுக்குப் பின் தழும்பு இறுகியதா என்பவையே உங்கள் தங்கை போன்றவர்களுக்கு முக்கியம். ஒரே நோயாளியின் காயத்தில் ஒரு பாதிக்குப் புதிய முறையையும் மறுபாதிக்கு வழக்கமான முறையையும் செய்து ஒப்பிடும் வாய்ப்பு இத்துறையில் இருக்கிறது. அத்தகைய ஆய்வுகள் கூடுதலான நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டு, அவர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர வேண்டும் என்பதே என் எதிர்பார்ப்பு.