பிரேசில் கார்னிவலில் காந்தி பெயரில் வேடம் போட்டு ஆடுகிறார்களே, இது அவரைக் கேலி செய்வது ஆகாதா?

கேலி இல்லை. அந்த வாட்ஸப் வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன்: வெள்ளைத் தலைப்பாகையும் நீல வெள்ளை மணிமாலையுமாக ஆயிரக்கணக்கான ஆண்கள், பின்னணியில் ஒருவர் "அவமானம்" என்று கொதிக்கிறார். வேலைக்காகப் பிரேசிலின் பஹியா மாநிலத் தலைநகர் சால்வடாரில் இருந்தவன் என்பதால் எனக்குச் சுருக்கென்றது.

அந்தக் குழுவின் பெயர் ஃபிலியோஸ் ஜி காந்தி, காந்தியின் பிள்ளைகள். அவர் சுடப்பட்ட மறு வருடம், 1949 கார்னிவலில், சால்வடார் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கிய தொழிலாளிகள் தொடங்கியது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாக வந்தவர்கள் கட்டிக்காத்த யொரூபா (மேற்கு ஆப்பிரிக்க இனம்) சாமிகளைக் கும்பிடும் கண்டோம்ப்ளே வழிபாட்டோடு ஒட்டி வளர்ந்தது. அந்தக் காலத்தில் அந்தச் சாமி கும்பிடுவதே போலீஸ் விவகாரம். பஹியாவில் அந்தக் கோவில்கள் போலீஸில் பதிந்து அனுமதி வாங்க வேண்டும் என்ற விதி 1976-ல்தான் ஒழிந்தது. அப்படிப்பட்ட ஊரில் காந்தி பெயரைச் சொல்லிக்கொண்டு, கோவிலுக்குள் அடிக்கிற இஜெஷா தாளத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். வெள்ளை உடுப்பு காந்திக்காக மட்டுமில்லை, ஒஷாலா சாமிக்கும் அதுதான் நிறம்.

என்னோடு வேலை பார்த்தவன் ஊர்வலத்தில் போனான், நானும் கூடப் போனேன். சால்வடாரின் பழைய நகர்ப்பகுதியான பெலோரின்யோவில் ஒரு அக்கா அவன் தலையில் துண்டைச் சுற்றி, அப்படியே தலையில் வைத்தே ஊசி நூலால் தைத்தார். அசைந்தால் திட்டு. கிளம்புமுன் வழி திறந்துவிடும் சாமியான எஷுவுக்குப் படையல், பாமாயிலில் பிசைந்த மரவள்ளி மாவு. எஷுவுக்குக் கொடுக்காமல் எதுவும் தொடங்காது. அப்புறம் எல்லார்மேலும் லாவெண்டர் வாசனைத் தண்ணீர் அடித்து, இரட்டை மணி ஒலிக்க நிதானமான நடை. தாத்தாக்கள் யொரூபாப் பாட்டை வரி பிசகாமல் பாடினார்கள். வீட்டில் பேசுவது போர்த்துகீசியம்தான்.

எல்லாமே பக்தி என்று நான் சொல்லவில்லை, உடனே சண்டைக்கு வராதீர்கள். மாலையைக் கொடுத்து முத்தம் கேட்கிற பையன்கள் உண்டு. ஊர்வலத்தில் பெண்களுக்கு இடமில்லை, அவர்கள் 1979-ல் தனிக்குழு ஆரம்பித்தார்கள். இதைக் கேள்வி கேட்டால் நானும் சேர்ந்து கேட்பேன்.

ஆனால் காந்திக்கு அவமானம் என்று குதித்த என் மேலாளர், ஊரே மூடிக்கிடந்த கார்னிவல் செவ்வாய்க்கு எனக்கு மட்டும் சம்பளத்தைப் பிடித்தார். உள்ளூர் ஆட்களுக்கு அது விடுமுறை, வெளிநாட்டு ஒப்பந்தக்காரனுக்குக் கிடையாதாம். மூன்று மெயில் போட்டும் பதில் இல்லை.